மார்கழிச் சூரியனும் காய்ந்துபோன ஏரிகளும்: பனிக்கட்டி இல்லாத உலகில் மழையை ஆட்டியது எது?

உயர்தர வகுப்புக்கு மிலங்கோவிச் சுழற்சியைப் படிப்பிக்கும்போது எல்லோரும் போகிற பாதையிலேயே நானும் போவேன். பூமி சூரியனைச் சுற்றும் விதம் மெல்ல மெல்ல மாறுகிறது, அதனால் பனிப்படலங்கள் வளர்ந்து தேய்கின்றன, அதுதான் பனிக்கட்டிக் காலங்களின் தாளம் என்று சொல்லி முடித்துவிடுவேன். ஒருநாள் பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்டது: "அப்ப ஐஸே இல்லாத காலத்தில இது சும்மாவோ இருந்தது, சேர்?"

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்கான பதில். சும்மா இருக்கவில்லை. மழையை ஆட்டிக்கொண்டிருந்தது.

பூமியின் வரலாற்றில் பெரும்பகுதி, துருவங்களில் பெரிய பனிப்படலம் இல்லாத காலம்தான். அந்தாட்டிக்காவை இன்று மூடியிருக்கிற பனி, பெரும் படலமாகப் பரவத் தொடங்கியதே ஏறத்தாழ 34 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர்தான். அதற்கு முந்திய இயோசீன் காலத்திலும், அதற்கும் முந்திய, டைனோசர்கள் வாழ்ந்த கிரெத்தேசியஸ், திரயாசிக் காலங்களிலும் காற்றில் காபனீரொட்சைட்டு இன்றையதைவிட அதிகம். உலகம் வெப்பமாக இருந்தது. இப்படிப்பட்ட நிலையைப் பச்சைவீட்டுக் காலநிலை என்கிறோம். பனி இல்லாத அந்த உலகில் பூமியின் ஆட்டம் எங்கே தெரியும் என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த ஆட்டத்தைப் பார்ப்போம். அதற்குத் தொலைநோக்கி வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்குகிற பஞ்சாங்கக் கலண்டர் போதும்.

தைப்பொங்கலை உத்தராயணத்தின் தொடக்கம் என்கிறோம், சூரியன் வடக்கே திரும்பும் நாள். ஆனால் சூரியன் மெய்யாகவே வடக்கே திரும்புவது டிசெம்பர் 21 அல்லது 22இல். பொங்கல் வருவது ஜனவரி 14 அல்லது 15இல். இடையில் ஏறத்தாழ 24 நாள். யாரும் கணக்கில் பிழைவிடவில்லை. எங்கள் பஞ்சாங்கம் சூரியனின் இடத்தை நட்சத்திரங்களை வைத்து அளக்கிறது. பருவங்களோ பூமியின் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தவை. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டும் ஒன்றாக இருந்தன, பொங்கலும் சூரியன் திரும்பும் நாளும் ஒரே நாள். அதன் பின்னர் அச்சு மெதுவாகத் திரும்பிக்கொண்டே போனதால் இடைவெளி விழுந்துவிட்டது. பஞ்சாங்கம் கணிக்கிறவர்கள் இந்த இடைவெளியைத்தான் அயனாம்சம் என்கிறார்கள். இன்று அது 24 பாகையைத் தாண்டி நிற்கிறது. ஒரு பாகை நகர ஏறத்தாழ 72 ஆண்டு.

வேகம் குறைந்த பம்பரம் விழப்போகும் நேரம் தலையை வட்டமாக ஆட்டும், பார்த்திருப்பீர்கள். பூமியும் அப்படித்தான். அதன் இடுப்புப் பகுதி சற்றே பருத்திருப்பதால் சூரியனும் சந்திரனும் அந்தப் பருமனைப் பிடித்து இழுக்கின்றன. அச்சு தலையாட்டுகிறது. ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு.

தலையாட்டினால் மழைக்கு என்ன? பூமியின் பாதை சரியான வட்டமாக இருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் அது சற்றே நீண்ட வட்டம், சூரியனும் அதன் நடுவில் இல்லை. ஆண்டில் ஒருமுறை கிட்ட வருகிறோம், ஒருமுறை எட்டப் போகிறோம். கிட்ட வருவது ஜனவரி 4ஆம் திகதி அளவில். பஞ்சாங்கக் கணக்கில் மார்கழி 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். (டிசெம்பருக்கு நாங்கள் பேச்சில் சொல்கிற மார்கழியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தக் கட்டுரையில் தமிழ் மாதம் எல்லாம் பஞ்சாங்க மாதம்தான்.) விடியற்காலை திருவெம்பாவைக்குப் போகிறவர்கள் தலையில் சால்வை போர்த்துக்கொண்டு போகிற அந்த நாட்களில்தான் சூரியனுக்கு மிகக் கிட்ட நிற்கிறோம்: 147 மில்லியன் கிலோமீற்றர். ஆனியில், ஜூலை 5 அளவில், 152 மில்லியன் கிலோமீற்றர். ஐந்து மில்லியன் கிலோமீற்றர் வித்தியாசத்தால் பூமிக்குக் கிடைக்கும் வெயிலில் ஏறத்தாழ 7 வீதம் கூடிக் குறைகிறது. குளிரும் வெக்கையும் அச்சின் சாய்வால் வருவதால் இந்த 7 வீதம் எங்களுக்குத் தெரிவதில்லை.

இனி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இன்று வட அரைக்கோளத்தின் குளிர்காலத்தில் பூமி சூரியனுக்குக் கிட்ட இருக்கிறது. அச்சு பாதித் தலையாட்டம் முடித்தபின் அதே கிட்டப் புள்ளியில் வட அரைக்கோளத்துக்குக் கோடையாக இருக்கும். அப்போது கோடை வெயில் இன்றையதைவிடக் கொடியது. தெற்கே நேர்மாறு. ஆண்டு முழுவதும் உலகத்துக்கு வரும் வெயிலின் கூட்டுத்தொகை ஏறத்தாழ மாறுவதேயில்லை. எந்த மாதத்துக்கு எவ்வளவு என்கிற பங்கீடுதான் மாறுகிறது. முழு விஷயத்தின் சாவியும் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

கிட்டப் புள்ளியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் அது மிக மெதுவாக முன்னே நகர்கிறது, பருவங்கள் பின்னே நகர்கின்றன. எதிரெதிரே நடக்கிற இருவர் கெதியாகச் சந்திப்பதுபோல, 26,000 ஆண்டு என்பது பருவங்களைப் பொறுத்தவரை சராசரியாக 21,000 ஆண்டு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

பாதையின் வடிவமும் மாறுகிறது. மற்றக் கோள்களின் இழுப்பால் அது சிலவேளை கிட்டத்தட்ட வட்டமாகும், சிலவேளை நன்றாக நீளும். இதில் ஒரு தாளம் ஏறத்தாழ 100,000 ஆண்டு, மற்றது 405,000 ஆண்டு. பாதை நன்றாக நீண்ட காலங்களில் கிட்டத்துக்கும் எட்டத்துக்கும் இடையே வெயில் வித்தியாசம் 7 வீதம் அல்ல, 20 வீதத்தையும் தாண்டும். வட்டமான காலத்தில் தலையாட்டம் இருந்தும் பயனில்லை. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுபோலத் தலையாட்டத்தின் வலுவைக் கூட்டிக் குறைப்பது இந்த நீள்வடிவம்தான். அச்சின் சாய்வு 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே 41,000 ஆண்டுக்கு ஒருமுறை ஆடுவதும் உண்டு. அது துருவப் பக்கங்களில் பெரிய விஷயம். வெப்ப வலய மழைக்கு முதல் ஆள் தலையாட்டம்தான், ஆகவே சாய்வை இத்தோடு விடுகிறேன்.

சித்திரை மாதத்து மத்தியானம் காரைநகர்க் கசூரினாக் கரையில் செருப்பில்லாமல் மணலில் காலை வைத்தவருக்குப் பருவக்காற்றை விளக்கத் தேவையில்லை. மணல் சுடுகிறது, நாலு அடி தள்ளிக் கடல் தண்ணீர் குளிர்ச்சி. வெயில் ஒன்றுதான், ஆனால் தரை கெதியாகச் சூடேறும், கடல் ஆறுதலாகச் சூடேறும். சூடான தரைக்கு மேலே காற்று எழும்ப, கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று அந்த இடத்துக்கு ஓடிவருகிறது. பின்னேரக் கடற்காற்று இப்படி வருவதுதான். ஒரு கடற்கரையை ஒரு கண்டமாகவும், ஒரு பின்னேரத்தை ஒரு கோடைகாலமாகவும் பெருப்பித்தால் அதுதான் பருவக்காற்றின் அடிப்படை. கோடை வெயில் கூடினால் தரைக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசம் கூடும், ஈரம் இன்னும் உள்ளே இழுக்கப்படும். இதில் எங்கேயும் பனிக்கட்டி வரவில்லை. பனிப்படலம் வளர ஆயிரக்கணக்கான ஆண்டு பிடிக்கும். மழைக்கு ஒரு கோடைகாலமே போதும்.

இது வெறும் காகிதக் கணக்கல்ல என்பதற்குக் கிட்டத்துச் சாட்சி சகாரா. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே புல்வெளியும் ஏரிகளும் இருந்தன. அல்ஜீரியாவின் தசிலிப் பாறைகளில் அன்றைய மனிதர் மாட்டு மந்தைகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். வட அரைக்கோளக் கோடையில் பூமி சூரியனுக்குக் கிட்ட வந்த காலத்தை ஒட்டித்தான் இந்தப் பச்சை தொடங்கியது. 1981இல் ஜோன் குட்ஸ்பாக் என்ற அமெரிக்கக் காலநிலை அறிஞர் 9,000 ஆண்டுகளுக்கு முந்திய வெயிலைக் கணினி மாதிரியில் போட்டுப் பார்த்தார். ஜூலையில் வட அரைக்கோளத்துக்கு ஏறத்தாழ 7 வீதம் கூடுதல் வெயில். அதற்கே ஆபிரிக்கா, ஆசியா இரண்டிலும் பருவக்காற்று பலமடைந்தது.

அதே குட்ஸ்பாக் பிறகு தன் மாதிரியைப் பங்கேயாவுக்குக் கொண்டுபோனார். திரயாசிக் காலத்தில் கண்டங்கள் எல்லாம் ஒட்டி ஒரே நிலமாக, நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. எங்கள் இலங்கைத் துண்டும் இந்தியா, மடகஸ்கர், அந்தாட்டிக்காவோடு ஒட்டிக்கொண்டு தெற்குப் பக்கத்தில் இருந்தது. கிழக்கே தெத்திஸ் என்ற வெப்பக் கடல். இவ்வளவு பெரிய நிலம், இவ்வளவு சூடான கடல், அதற்கு மேலே 20 வீதம் கூடிக் குறைகிற வெயில். அந்தப் பருவக்காற்றை அறிஞர்கள் மகா பருவக்காற்று என்றே அழைக்கிறார்கள். கோடையில் கொட்டும், மற்ற நாட்களில் வரட்சி. தலையாட்டம் மறுபக்கம் திரும்பினால் அந்தக் கொட்டலும் நலிந்துவிடும்.

பார்த்தவர் யாரும் இல்லாத மழையை எப்படி அறிவது? ஏரியின் அடியில் படிந்த சேற்றைப் பார்த்து. அமெரிக்காவின் கிழக்குப் பக்கம், நியூ ஜேர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் நியூவார்க் வடிநிலம் என்று ஒரு பழைய பள்ளம் இருக்கிறது. பங்கேயா கிழியத் தொடங்கிய காலத்தில் உண்டான பள்ளம் அது, அன்று வெப்ப வலயத்தில் இருந்தது. அதில் ஏரிகள் நிறைந்தன, வற்றின, திரும்ப நிறைந்தன. 20 மில்லியனுக்கும் கூடிய ஆண்டுகள் இப்படியே நடந்தது.

அந்தப் பாறையில் ஒரு சுற்றை மட்டும் கிட்ட நின்று பாருங்கள். உயரம் சில மீற்றர். அடியில் சாம்பல் நிறச் சேற்றுக்கல், ஏரி நிறையத் தொடங்கிய காலம். அதற்கு மேலே கன்னங்கரேல் என்ற களிக்கல், கடதாசித் தாள்களை அடுக்கியதுபோல மெல்லிய ஏடுகள். இது ஏரி மிக ஆழமாக இருந்த காலம். அடித்தண்ணீரில் ஒட்சிசன் இல்லை, சேற்றைக் கிளறப் புழுவும் இல்லை. அதனால் செத்து விழுந்த மீன் செதில் கலையாமல் அப்படியே படிந்துவிட்டது. 1946இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நூலகம் கட்ட அத்திவாரம் வெட்டியபோது இப்படி ஒரு படையிலிருந்து நூற்றுக்கணக்கான சீலகாந்து மீன்கள் கிடைத்தன. கறுப்புக்கு மேலே கல் மெல்ல மெல்லச் சிவக்கிறது. அதில் வெடிப்புகள். எங்கள் ஊர்க் குளம் ஆவணியில் வற்றிக் கிடக்கும்போது அடிச்சேறு பாளம் பாளமாக வெடித்துச் சுருண்டு நிற்குமே, அதே வெடிப்பு, அதே ஐங்கோண அறுகோண வடிவங்கள், 200 மில்லியன் ஆண்டு பழையதாகக் கல்லாகிக் கிடக்கின்றன. வெடிப்புக்கு இடையிடையே ஊர்வனவற்றின் காலடிகள். மீன் நீந்திய அதே இடத்தில் பிராணிகள் நடந்திருக்கின்றன. அதற்கு மேலே திரும்பவும் சாம்பல், திரும்பவும் கறுப்பு.

பிரான்க்ளின் வான் ஹூட்டன் என்ற பிரின்ஸ்டன் புவிச்சரிதவியலாளர் 1960களில் இந்தச் சுற்றுகளை எண்ணி, ஒவ்வொன்றும் 20,000 ஆண்டு அளவு, அதாவது ஒரு தலையாட்டம் என்று சொன்னார். இன்று அவற்றுக்கு அவர் பெயர்தான். ஆனால் ஒரு கவனமான மாணவர் இந்த இடத்தில் மறித்துக் கேட்க வேண்டும். ஏரி வற்றுவதற்கு வேறு காரணம் இருக்காதா? பள்ளத்தின் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கலாம், ஆறு திசை மாறியிருக்கலாம். அதற்கு வானத்தை ஏன் இழுக்க வேண்டும்?

இதற்குப் பதில் சுற்றுகளின் கட்டுமானத்தில் இருக்கிறது. எல்லாச் சுற்றும் ஒரே வலுவில் இல்லை. சிலவற்றில் கறுப்புப் படை தடிப்பு, மீன் நிறைய. அதாவது ஏரி நன்றாக ஆழமானது. அடுத்தடுத்தவற்றில் கறுப்பு மெலிந்து, சாம்பலோடு நின்றுவிடுகிறது. ஏறத்தாழ ஐந்து சுற்றுக்கு ஒருமுறை வலு ஏறி இறங்குகிறது. ஏறத்தாழ இருபது சுற்றுக்கு ஒருமுறை அதைவிடப் பெரிய ஏற்ற இறக்கம். ஐந்து தலையாட்டம் என்றால் 100,000 ஆண்டு, இருபது என்றால் 400,000 ஆண்டு. பாதை நீண்டு குறுகுகிற அதே இரண்டு தாளங்கள். நிலம் தாழ்ந்ததாலோ ஆறு திரும்பியதாலோ ஏரி வற்றியிருந்தால் ஐந்தும் இருபதுமாக ஏன் கட்டுக்கட்ட வேண்டும்? என்னை முழுதாக நம்பவைத்தது இந்த இடம்தான். ஒரு சுற்றின் வயது பிழையாகலாம், விகிதம் அவ்வளவு இலேசில் பிழைக்காது.

அந்த இருபதுக்கு ஒன்றான பெருங்கட்டுகளை முதலில் வரைபடத்தில் பிடித்தவர் டீன் மக்லோக்லின். தொழிலால் அவர் வானியலாளர், நட்சத்திரங்களைப் படித்தவர். 1930களிலும் 40களிலும் இந்தப் பாறைகளை நடந்து நடந்து வரைந்தார். இன்று அந்தப் பெருங்கட்டுக்கு மக்லோக்லின் சுற்று என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் இந்த வடிநிலத்தில் ஆழத் துளைத்து, மொத்தம் 6 கிலோமீற்றருக்கும் மேல் நீளமான பாறைத் தண்டுகளை எடுத்தார்கள். வெயில் மழை படாத அந்தத் தண்டுகளிலும் அதே கட்டுமானம்.

405,000 ஆண்டுத் தாளத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. தலையாட்டத்தின் நீளம் காலப்போக்கில் மாறும், ஏனென்றால் சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்றிமீற்றர் வீதம் எங்களை விட்டு விலகிப் போகிறது. திரயாசிக் காலத்தில் அது இன்னும் கிட்ட இருந்தது, நாளும் 23 மணித்தியாலம் அளவுதான், தலையாட்டமும் சற்று வேகம். ஆனால் 405,000 ஆண்டுத் தாளம் வெள்ளியும் வியாழனும் சேர்ந்து உண்டாக்குவது. அதில் சந்திரனுக்குக் கை இல்லை. 2018இல் ஆய்வாளர்கள் அரிசோனாவின் திரயாசிக் பாறையிலுள்ள எரிமலைச் சாம்பலில் சிர்கோன் என்ற கனிம மணிகளை எடுத்து வயது கணித்தார்கள். புல்மோட்டை மணலில் இருக்கிறதே, அதே சிர்கோன்தான். அதற்குள் யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாகிக்கொண்டிருக்கும். பாறையில் பதிந்திருந்த பூமிக் காந்தத்தின் திசைமாற்றங்களை வைத்து அந்த வயதுகளை நியூவார்க் தண்டுகளோடு பொருத்தியபோது, 215 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னரும் அந்தத் தாளம் 405,000 ஆண்டாகவே இருந்தது தெரிந்தது.

இன்னொரு ஏரி, இன்னொரு வெப்பக் காலம். ஏறத்தாழ 50 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், இயோசீனில், இன்றைய வயோமிங், யூட்டா, கொலராடோ மாநிலங்களில் பெரிய ஏரிகள் இருந்தன. அவை விட்டுப்போன பாறைக்குப் பச்சை ஆற்றுப் படைகள் என்று பெயர். ஆண்டுக்கு ஒரு சோடி என்று மெல்லிய ஏடுகள் படிந்திருந்தன. வில்மொட் பிராட்லி என்பவர் அவற்றை நுணுக்குக்காட்டியில் எண்ணி, படைகள் திரும்பத் திரும்ப வரும் இடைவெளி 21,000 ஆண்டை ஒட்டியது என்றும், அது தலையாட்டத்தின் வேலை என்றும் 1929இலேயே எழுதினார். சேற்றை எண்ணி வானத்தைத் தொட்ட அந்தப் பொறுமையை நினைக்கும் போதெல்லாம் எனக்கு மயிர் கூச்செறியும். அந்த ஏரிகளில் ஒன்று வற்றிய காலங்களில் உப்புக்கட்டியாக உறைந்தது. ஆனையிறவு உப்பளத்தில் பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் வற்றி உப்புப் பூக்கிறதல்லவா, அதைப்போல. ஆனால் அங்கே பூத்தது கறியுப்பு அல்ல, துரோனா என்ற சோடா உப்பு. உலகிலேயே மிகப் பெரிய துரோனாப் படிவு அதுதான். இன்று அதைத் தோண்டிக் கண்ணாடி செய்யவும் சலவைத்தூள் செய்யவும் கொண்டுபோகிறார்கள்.

வெப்பம் கூடினால் மழை கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு: காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆனால் நியூவார்க் ஏரியும் பச்சை ஆற்று ஏரியும் காட்டுவது, வெப்ப உலகம் எப்போதும் ஈர உலகமாக இருக்கவில்லை என்பதை. கொட்டுகிற காலம் பலமாகக் கொட்டியது, இல்லாத காலம் ஏரியின் அடி வெடித்தது. ஆறில்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டவருக்கு இதன் கனம் விளங்கும். வழுக்கியாறுகூட மாரியில் மட்டும் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிற மழைதான் ஆண்டு முழுவதும் கிணற்றில் நிற்கிறது. மழை எவ்வளவு என்பதோடு எந்த மாதத்தில் என்பதும் எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

"அப்ப இப்ப நாங்கள் எந்த இடத்தில நிக்கிறம், சேர்?" என்று அதே பிள்ளை கேட்டது. பாதை இப்போது வட்டத்துக்குக் கிட்ட, இன்னும் வட்டமாகிக்கொண்டு போகிறது. ஆகவே தலையாட்டத்தின் பிடி இப்போது மென்மையானது. அதன் வேகமும் ஒரு மனித ஆயுளில் தெரியக்கூடியதல்ல, பருவங்களைப் பொறுத்துக் கிட்டப் புள்ளி ஒரு நாள் நகர ஏறத்தாழ 58 ஆண்டு பிடிக்கும். காபனீரொட்சைட்டின் அளவோ தொழிற்புரட்சிக்கு முன்னர் மில்லியனுக்கு 280 பங்கு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த ஏற்றத்தைத் தலையாட்டத்தின் கணக்கில் போட முடியாது.

கடைசியாகக் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். இன்றைய பஞ்சாங்க முறையை யாரும் திருத்தாமல் விட்டால், ஏறத்தாழ 10,000 ஆண்டுக்குப் பிறகு என்ன நடக்கும்? கிட்டப் புள்ளி மார்கழியிலிருந்து ஒரு மாதம் அளவுதான் முன்னே போய்த் தையில் நிற்கும். பருவங்கள் ஏறத்தாழ ஐந்து மாதம் பின்னே வந்திருக்கும். வட அரைக்கோளத்தின் உச்சக் கோடை தையில் வரும், பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட நிற்பதும் அதே தையில்தான். பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். ஐப்பசி அடைமழை வைகாசியில் வந்து நின்றது.